பீரோ நிறையத் துணி, உடுத்த மூன்றே சுடிதார்

திருச்சியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். வயது 34. தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் வேலை. ஏழு வயதில் மகள், இரண்டே கால் வயதில் மகன். காலை ஐந்தரைக்கு எழுந்தால், எட்டே காலுக்கு ஸ்கூட்டரை எடுக்கும்வரை உட்கார நேரமில்லை. மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் ஓட்டி அலுவலகம் போக வேண்டும். திங்களும் வெள்ளியும் நிறுவனம் கொடுத்த பாலியெஸ்டர் சீருடைப் புடவை, மற்ற நாட்களில் சுடிதார். "பீரோவைத் திறந்தால் துணி சரிந்து விழுகிறது டாக்டர். ஆனால் மாற்றி மாற்றி உடுத்துவது மூன்றே சுடிதார்தான்" என்கிறார். இரண்டாவது பிரசவத்துக்கு முன்பு எடுத்த துணிகள் எதுவும் இப்போது சேரவில்லை. எடை குறைந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று இரண்டு வருடமாக மடித்து வைத்திருக்கிறார்.

போன பங்குனியில் தொடை இடுக்கிலும் இடுப்பிலும் அரிப்பு ஆரம்பித்திருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆயின்மென்ட்டைத் தடவினால் இரண்டு நாளில் அடங்குகிறது, அப்புறம் முன்பைவிடப் பெரிய வட்டமாக வருகிறது. மகனுக்குக் கழுத்தைச் சுற்றி வேர்க்குரு. இரண்டாவது பிரசவத்தின்போது சர்க்கரை இருந்தது, பிறகு சரியாகிவிட்டது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். சீட்டுப் பணத்தில் 6,000 ரூபாயைத் தனக்கென்று ஒதுக்கியிருக்கிறார். "வெயில் ஏறுவதற்குள் நல்லதாக நாலு துணி எடுக்க நினைக்கிறேன். என்ன எடுக்கலாம்? இதைத் தோல் மருத்துவரிடம் கேட்பது சரியா என்றும் தெரியவில்லை" என்று முடித்திருக்கிறார்.

தாராளமாகக் கேட்கலாம். பங்குனி பிறந்துவிட்டால் என்னிடம் வருகிற பெண்களில் பலருக்கு மருந்துச் சீட்டோடு துணியைப் பற்றியும் பேசித்தான் அனுப்புகிறேன். சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று நம் முன்னோர் பெயரிட்டார்கள். ஆனால் உங்கள் ஊரில் அந்த இரண்டு மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். அதனால் மாசி கடைசியிலேயே நீங்கள் யோசிக்க ஆரம்பித்தது மிகச் சரி. அந்த 6,000 ரூபாயைப் பிள்ளைகளின் பக்கம் திருப்பிவிடாமல் உங்களுக்கென்று வைத்திருப்பதும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. அதை அப்படியே வைத்திருங்கள்.

ஆனால் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய காரியங்கள் இரண்டு உண்டு. துணியைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.

முதலில் அந்த ஆயின்மென்ட்

நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் படர்தாமரை. இது ஒரு பூஞ்சைத் தொற்று. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் 'இரண்டு நாளில் அடங்கி, பெரிய வட்டமாகத் திரும்ப வருகிறது' என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததுமே, அந்த ஆயின்மென்ட்டில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. தோலின் எதிர்ப்பைத் தணித்துவிடுவதால் பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவும். மாதக்கணக்கில் தொடை இடுக்கில் தடவினால் அங்கே தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் விழும். அவை பிறகு மறைவதில்லை. இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே சொல்லிவிட்டது. இருந்தும் கடைகளில் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அதை நிறுத்திவிடுங்கள். நிறுத்தியதும் சில நாட்களுக்குச் சிவப்பும் அரிப்பும் கூடுவது போலத் தெரியும். பயந்துபோய் மறுபடி தடவாதீர்கள், தோல் மருத்துவரைப் பாருங்கள். தோலை லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையா இல்லையா என்று தெரிந்துவிடும். மருந்து சில வாரங்கள் தொடர வேண்டியிருக்கும். அரிப்பு நின்றதும் நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. மகன் இன்னும் பால் குடிக்கிறான் என்றால் அதையும் சொல்லுங்கள், மாத்திரையைத் தேர்ந்தெடுக்க அது தேவைப்படும்.

இரண்டாவது காரியம், நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தச் சர்க்கரை. கர்ப்பகாலச் சர்க்கரை பிரசவத்தோடு போய்விட்டாலும், அது வந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். திரும்பத் திரும்ப வரும் படர்தாமரைக்குப் பின்னால் சர்க்கரை ஒளிந்திருப்பதும் உண்டு. மகன் பிறந்தபின் ஒரு தடவையாவது பரிசோதித்தீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்துவிடுங்கள்.

சரி, இனி பீரோவைத் திறப்போம்.

சேராத துணி

எடை குறைந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறீர்கள். ஆனால் அந்தத் துணிகள் அங்கே இருப்பதாலேயே இருக்கும் உடம்புக்குத் துணி எடுக்காமல் இரண்டு வருடம் ஓட்டிவிட்டீர்கள். உடுத்துகிற மூன்று சுடிதாரும் அக்குளில் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். இரண்டு குழந்தை பெற்ற உடம்பு மாறும். அதில் வெட்கப்படவோ, தண்டனை போல இறுக்கமான துணிக்குள் அதைத் திணிக்கவோ எதுவும் இல்லை. தோலோடு தோல் உரசும் இடத்தில் வியர்வை தங்கி, அதன் மேல் துணி இறுகினால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஞாயிறு மதியம் மகன் தூங்கும்போது ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கையை உயர்த்தி, குனிந்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பாருங்கள். உங்கள் நாள் அப்படித்தானே போகிறது? எங்கே பிடிக்கிறது என்று அப்போது தெரியும். பல சுடிதார்களில் பக்கத்தையலுக்குள் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் துணி விட்டிருப்பார்கள். டெய்லரிடம் கொடுத்துப் பிரித்துத் தைத்தால் நாலைந்து உருப்படிகள் திரும்பக் கைக்கு வரும். பிளவுஸ்களுக்கும் இதே வழி. பிரித்தும் சேராதவற்றை ஒரு பையில் கட்டிப் பரணில் வையுங்கள், அல்லது யாருக்காவது கொடுங்கள். தினமும் கண்ணில் படும் தட்டில் மட்டும் வேண்டாம்.

'லெக்கிங்ஸ் காட்டன்தானே?'

இந்தக் கேள்வி உங்கள் கடிதத்திலும் இருக்கிறது. கடையில் காட்டன் லெக்கிங்ஸ் என்று விற்பதில் பெரும்பகுதி பருத்தியாகவே இருக்கலாம். ஆனால் அது இழுபட வேண்டும் என்று எலாஸ்டேன் என்ற செயற்கை இழையைச் சேர்த்து, உடம்போடு ஒட்டும்படிதான் பின்னுகிறார்கள். நூல் பருத்தியாக இருந்தாலும் தோலுக்கும் துணிக்கும் நடுவில் காற்றுக்கு இடமில்லை. படர்தாமரை முழுவதும் ஆறி, அதன் பிறகும் சில மாதங்கள் ஆகும்வரை லெக்கிங்ஸும் ஜீன்ஸும் வேண்டாம். தொளதொளவென்ற பருத்தி பேன்ட், பலாசோ, பழைய பாணி சல்வார், பட்டியாலா என்று எதுவானாலும் சரி. தொடை இடுக்கில் காற்று போக வேண்டும், அவ்வளவுதான்.

துணி ரகத்தைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தைத் தன்னுள் பிடித்து வைக்கும். ரேயான் 11 கிராமுக்கும் மேல் பிடிக்கும். பாலியெஸ்டர் அரை கிராம்கூடப் பிடிக்காது. அதனால்தான் பாலியெஸ்டர் புடவைக்குள் வியர்வை தோலிலேயே நின்று பிசுபிசுக்கிறது. விளையாட்டு உடைகளில் வரும் மெல்லிய பாலியெஸ்டர் வேறு விதம், ஈரத்தை வெளிப்பக்கம் இழுத்துவிடும்படி அதைப் பின்னியிருப்பார்கள். உங்கள் சீருடைப் புடவை அப்படிப்பட்டதல்ல. ரேயானைப் பலர் செயற்கைத் துணி என்று ஒதுக்குகிறார்கள். அது மரக்கூழிலிருந்து வருவது, வெயிலுக்கு இதமானது. நனைந்தால் வலு குறையும் என்பதால் முறுக்கிப் பிழியக் கூடாது, அது ஒன்றுதான் தொல்லை.

கடையில் 'காட்டன் ஃபீல்', 'காட்டன் மிக்ஸ்' என்று சொன்னால் உள்ளே இருக்கும் லேபிளைப் பாருங்கள். லேபிள் இல்லாவிட்டால் ஓரத்து நூல் ஒன்றை வீட்டில் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாகத் திரளும். புதுப் பருத்தி சுருங்கும், அதனால் சற்றுத் தொளதொளப்பாகவே எடுங்கள். தைக்கக் கொடுக்கும் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துக் கொடுங்கள். எதுவானாலும் ஒரு தடவை அலசாமல் உடுத்த வேண்டாம். புதுத் துணியில் இருக்கும் பசையும் சாயமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

புடவை கட்டும் நாட்களும் இடுப்பு நாடாவும்

இடுப்பிலும் அரிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பல வருடம் புடவை கட்டிய பெண்களின் இடுப்பைப் பார்த்தால், பாவாடை நாடா பதிந்த இடத்தில் விரல் அகலத்துக்குக் கறுத்த பட்டை ஓடும். சில இடத்தில் தோல் தடித்துச் சொரசொரப்பாகி, முடிச்சு விழும் பக்கத்தில் மட்டும் உரிந்திருக்கும். கேட்டால், "நாடாத் தழும்புதானே டாக்டர், எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்பார்கள். பெரும்பாலும் அது தழும்போடு நின்றுவிடும். மிக அரிதாக, அந்த இடத்தில் ஆறாமல் பல வருடம் இருந்த புண் புற்றுநோயாக மாறியதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, உங்கள் அரிப்பும் அது அல்ல. உங்கள் அம்மாவுக்கோ மாமியாருக்கோ இடுப்பில் ஆறாத புண் இருந்தால் அலட்சியம் செய்யாமல் காட்டுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது எளிது. மெல்லிய கயிறு போன்ற நாடாவை உருவிவிட்டு, ஓர் அங்குல அகலத் துணிப்பட்டையைக் கோத்துக்கொள்ளுங்கள். முடிச்சை ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் வலப்பக்கம் போடுங்கள். இரண்டு விரல் உள்ளே போகும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். கொசுவம் நழுவாதா என்று கேட்பீர்கள். பருத்திப் புடவையும் பருத்திப் பாவாடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், நழுவாது. வழுக்கும் புடவைக்குத்தான் இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஒட்டிப் பிடிக்கும் பாவாடைகள் இப்போது நிறைய விற்கிறார்கள். அரை நாள் கல்யாணத்துக்கு வேண்டுமானால் கட்டுங்கள், பத்து மணி நேர வேலை நாளுக்கு வேண்டாம்.

சீருடைப் புடவையை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா என்று தயங்குகிறீர்கள். கேட்கலாம். நிறுவனத்தின் விதியை என்னால் மாற்ற முடியாது, அவர்கள் சம்மதிப்பார்கள் என்று உறுதியும் சொல்ல முடியாது. ஆனால் உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம், 'தோல் தொற்றுக்குச் சிகிச்சை நடக்கிறது, இத்தனை வாரங்களுக்குத் தளர்வான பருத்தி உடை தேவை' என்று சான்று கேட்டு வாங்குங்கள். எந்த இடத்தில் தொற்று என்று அதில் எழுத வேண்டிய அவசியமில்லை, மேலாளரிடம் விளக்க வேண்டியதும் இல்லை. சீருடையையே நிரந்தரமாக மாற்றச் சொல்வதைவிட, குறிப்பிட்ட காலத்துக்கு விலக்கு கேட்பது எளிதாக நடக்கும். கூட வேலை செய்யும் பெண்களுக்கும் இதே தொல்லை இருந்தால், வேறு துணியில் அதே நிறம் என்று சேர்ந்து கேட்டுப் பாருங்கள். மறுத்துவிட்டால், உள்ளே பருத்திப் பாவாடையும் பருத்தி லைனிங் வைத்த பிளவுஸும் கட்டாயம். இன்னொன்று, உங்கள் நாற்காலி ரெக்ஸின் என்றால் அதன் மேல் ஒரு ஈரிழைத் துண்டை விரித்து உட்காருங்கள். தினமும் அதைத் துவைத்துவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பலன் பெரிது.

எத்தனை துணி? கொடியைக் கேளுங்கள்

'நாலு துணி' என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை வேண்டும் என்பதைத் துவைப்பதும் காய்வதும்தான் முடிவு செய்யும். உங்கள் வீட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெஷின் ஓடுகிறது, இரவில் போட்டு மாடிக் கொடியில் காயவைக்கிறீர்கள். அப்படியென்றால் உடுத்தியது துவைத்து, காய்ந்து, மடித்துக் கைக்கு வர மூன்று நாள் ஆகும். அவசரத்தில் அரை ஈரத்தோடு எடுத்துப் போட்டுக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு மிகவும் கவலை தந்த வரி. அரை ஈர உள்ளாடை ஒன்றே போதும், வாரக்கணக்கில் எடுத்த மருந்தை வீணாக்க.

அதனால் உங்கள் பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள். முதலில் உள்ளாடை. பருத்தியில், தொடை இடுக்கில் வெட்டாத அளவில், எட்டுச் செட். அளவைப் புதிதாக எடுங்கள், பழைய எண்ணைச் சொல்லி வாங்க வேண்டாம். அடுத்து பருத்திப் பாவாடை மூன்று. அப்புறம் வீட்டில் உடுத்த பருத்தி நைட்டி மூன்று. ஒரு நாளில் பாதி நேரம் நைட்டியில் கழிகிறது, ஆனால் பழைய பாலியெஸ்டர் நைட்டியை மாற்ற யாருக்கும் மனம் வருவதில்லை. பிறகு தளர்வான பேன்ட் மூன்று. கறுப்பு, சந்தனம், கருநீலம் என்று எடுத்தால் எந்த டாப்ஸுக்கும் பொருந்தும், காலையில் யோசிக்க வேண்டாம். மீதிப் பணத்தில் இரண்டு மூன்று டாப்ஸ். டெய்லர் பிரித்துக் கொடுத்தவையும் சேர்ந்தால் வாரத்துக்குப் போதும். சொந்தப் புடவை எடுக்கும் ஆசை இருந்தால் மதுரைச் சுங்குடி பாருங்கள், லேசாக இருக்கும், கட்டவும் எளிது. அதைத் தீபாவளிக்குத் தள்ளி வைத்தாலும் பரவாயில்லை.

டாப்ஸில் பாக்கெட் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். சாவி, கைக்குட்டை, பையனின் சிப்பர் மூடி எல்லாம் போட இடம் வேண்டும்.

துவைப்பதில் கொஞ்சம் மாற்றம் தேவை. சிகிச்சை நடக்கும்வரை உங்கள் உள்ளாடை, பேன்ட், துண்டு எல்லாவற்றையும் தனியாக வெந்நீரில், 60 டிகிரி வைக்க முடிந்தால் அதில், துவையுங்கள். உள்பக்கத்தைத் திருப்பி வெயிலில் போட்டு, மொரமொரவென்று காய்ந்தபின் தையல் ஓரங்களை இஸ்திரி போடுங்கள். வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனரை விட்டுவிடுங்கள், அது நூலின் மேல் படலமாகப் படிந்து ஈரம் உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும். வீட்டில் ஆளுக்கொரு துண்டு. கணவருக்கோ மகளுக்கோ அரிப்பு இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே சிகிச்சை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஸ்கூட்டரில் போகும்போது

வெயிலுக்குக் கையில்லாத டாப்ஸ்தான் நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்குள் சரி. வெயிலில் ஓட்டும்போது தளர்வான முழுக்கைப் பருத்திதான் தோலைக் காக்கும், உள்ளே காற்றும் ஓடும். தனியாகக் கோட் வாங்கத் தேவையில்லை, கணவரின் பழைய காட்டன் முழுக்கைச் சட்டை போதும். இரண்டு வைத்துக்கொண்டு மாற்றித் துவையுங்கள், வியர்த்த சட்டையையே வாரம் முழுவதும் போடாதீர்கள்.

ஷாலைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஷால் சக்கரத்தில் சிக்கிக் கழுத்து நெரிந்த பெண்களை அவசரப் பிரிவில் பார்த்திருக்கிறேன். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது, உங்கள் வண்டியிலும் மகள் உட்காரும் பக்கத்திலும் அது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஷாலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அலுவலகம் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். புடவை நாளில் முந்தானையை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகி, அதற்கு மேல் அந்தச் சட்டையைப் போட்டுப் பொத்தானைப் பூட்டிவிடுங்கள்.

மகனின் வேர்க்குரு

வியர்வை வரும் குழாய் அடைபட்டால் வேர்க்குரு. பவுடரைக் கொட்டினால் வியர்வையோடு சேர்ந்து கழுத்து மடிப்பில் களிபோல் ஒட்டும், குழந்தை மூச்சில் உள்ளே போகும் ஆபத்தும் உண்டு. தினம் இரண்டு முறை பச்சைத் தண்ணீரில் உடம்பு கழுவி, மடிப்புகளை ஒற்றித் துடைத்து, கையில்லாத மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள். வீட்டில் வெறும் உடம்போடு விளையாடினாலும் நல்லதே. கலமைன் லோஷன் லேசாகத் தடவலாம். உங்கள் ஆயின்மென்ட்டை அவனுக்குத் தடவியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தடவியிருந்தால் உடனே நிறுத்திவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். மகள் பள்ளியிலிருந்து வந்ததும் சீருடையைக் கழற்றிக் கைகால் முகம் கழுவிவிட்டு வீட்டுத் துணி போடட்டும்.

இந்த ஞாயிறு பீரோ, திங்கள் இரத்தப் பரிசோதனை, அந்த வாரத்துக்குள் தோல் மருத்துவர். கடைக்கு அதற்கு அடுத்த வாரம் போனால் போதும், பங்குனிக்குள் முடிந்துவிடும். மருத்துவரிடம் போகும்போது அந்த ஆயின்மென்ட் டியூபைக் குப்பையில் போட்டுவிடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெயர் அழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஓரத்தில் பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும், அவர் பார்த்துக்கொள்வார்.